காத்திருக்காத உடல்

"காலைச் சேர்த்து உட்காரு" என்று கேட்டு வளர்ந்தவள் நான். சந்திரலேகாவின் கடைசிப் படைப்பான ‘சரீரா’வில் (2001) டிஷானி தோஷி கால்களை விரித்து முக்கோணமாக்கியபோது, என் முழங்கால்கள் தாமாக ஒட்டிக்கொண்டன.

சந்திரலேகா பரதம் கற்றவர். பதங்களில் நாயகி வராத நாயகனுக்காக ஏங்குவாள். பாட்டின் சொல்லுக்கு உடல் அபிநயம் பிடிக்கும். இங்கே நேரில் பாடப்படும் துருபத் ஆலாபனையில் அவளை ஏங்கச் சொல்லும் வரிகளே இல்லை. உடல் தன் நிதானத்தில் விரிகிறது. பிறகுதான் ஷாஜி ஜான் வருகிறார்; அவருக்காக அவள் காத்திருக்கவில்லை.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. பாடும் குரல்கள் ஆண்களுடையவை. சொல்லிலிருந்து விடுபட்ட பெண்ணுடலுக்குக் குரல் மட்டும் ஏன் இன்னும் இரவல்?