இரண்டு ஆத்திமாலைகள்

அரசலாறு கடலில் கலக்கும் காரைக்கால், பழைய சோழநாட்டின் கிழக்கு விளிம்பு. அந்தச் சோழநாட்டில் நடந்த ஒரு பங்காளிச் சண்டையைக் கிரேக்கத் துன்பியல் நாடகங்களுக்கு எதிரே வைத்து எடைபோடலாம். நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் பகை. இடையில் நின்று பாடியவர் கோவூர் கிழார்.

புறநானூறு 44ஆம் பாட்டில் ஆவூர் முற்றுகைக்குள் கிடக்கிறது. குளத்துக்குப் போக வழியில்லாத யானைகள் பிளிறுகின்றன. பாலில்லாமல் பிள்ளைகள் அழுகின்றன. பெண்கள் பூவில்லாத வெறுங்கூந்தலை அள்ளி முடிகிறார்கள். கதவடைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் நெடுங்கிள்ளியைப் புலவர் இடித்துரைக்கிறார்: ஊரைக் கொடுப்பதற்காவது திற, போரிடுவதற்காவது திற.

உறையூர் முற்றுகையைப் பற்றிய 45ஆம் பாட்டில் வாதம் வேறு. எதிரி பனம்பூச் சூடும் சேரனல்லன், வேம்பு சூடும் பாண்டியனுமல்லன். இரு தரப்பிலும் சோழரின் ஆத்திமாலைதான். யார் தோற்றாலும் தோற்பது சோழர்குடி. கூர்மையான வாதம், ஆனால் ஓர் ஓட்டை உண்டு. எதிரே நிற்பவன் சேரனாக இருந்திருந்தால் இந்தத் தடை எழுந்திருக்காது. இங்கே அளக்கப்படுவது குடிக்கு வரும் பழி. ஆவூரில் அழுத பிள்ளைகள் இந்தக் கணக்கில் இல்லை.

கி.மு. 467இல் அரங்கேறிய ஈஸ்கிலஸின் ‘தீப்ஸை எதிர்த்த எழுவர்’ நாடகத்திலும் ஒரே குடியின் இருவர்தான் மோதுகிறார்கள். முற்றுகையில் அஞ்சி அலறும் பெண்களை, இருவரில் தீப்ஸை ஆளும் எட்டியோக்ளிஸ் அதட்டுகிறான். ஆனாலும் அரங்கை நிறைப்பது அவர்கள் குரல். ஏழாம் வாயிலில் அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் கொன்று விழுகிறார்கள். சோஃபக்ளிஸின் ‘ஆன்டிகனி’ அதற்கும் அப்பால் போகிறது. ஒருவனுக்கு அரச மரியாதையோடு அடக்கம். மற்றவன் உடல் நாய்க்கும் பறவைக்கும். அதை மறுத்து மண் தூவுகிறாள் தங்கை.

அப்படியொரு தங்கை புறப்பாட்டின் இந்தக் கதையில் இல்லை. காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காட்டுப் பதிகங்களில் பிணமும் பேயும் உண்டு என்று சொல்லலாம். ஆனால் அது இறைவன் ஆடும் சுடுகாடு. அண்ணன் தம்பி வெட்டி மாய்ந்த களமன்று.

தீர்ப்பு இதுதான். வாள் உருவும் முன் வாசலில் நின்று கேட்பதில் கோவூர் கிழாரை எந்த நாடகமும் விஞ்சவில்லை. ஏதென்ஸ் தன் அரங்கில் பார்த்தது எப்போதோ நடந்துமுடிந்த கதை. இவர் உயிரோடிருந்த இரு அரசர்களிடம் பேசினார். ஆனால் வாள் ஓய்ந்த பிறகு, தோற்றவன் உடலருகே நிற்பதில் கிரேக்கர்கள் முந்துகிறார்கள்.

புலவரின் வார்த்தை பலித்ததா? 47ஆம் பாட்டின் கீழுள்ள குறிப்பான கொளு, கதவடைத்திருந்த அந்த அரசனைக் குறிக்கும் பெயரைப் பாருங்கள்: ‘காரியாற்றுத் துஞ்சிய நெடுங்கிள்ளி’, காரியாற்றில் மாண்டவன்.