பெயின்ட் அடிக்காத சைக்கிள்

பின்சக்கர ஹப்பின் மேல் அப்பிக் கிடக்கும் கசடை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துப் பாருங்கள். ஏ.டபிள்யூ. என்ற எழுத்துகளும் பக்கத்திலேயே 52 என்ற எண்ணும் தெரிந்தால், அது 1952இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் ஸ்டர்மி-ஆர்ச்சர் கம்பெனி செய்த மூன்று கியர் ஹப். சில ஹப்புகளில் மாதம்கூடப் பதிந்திருக்கும். தாத்தாவுக்கு மாமனார் வீட்டுச் சீர், ரயில்வே துரை விட்டுப்போன வண்டி என்று விற்கிறவர் ஆயிரம் சொல்வார். எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளலாம், நம்ப வேண்டியது அந்த இரண்டு இலக்கத்தை. சக்கரத்தை வேறு வண்டியிலிருந்து கழற்றி மாட்டியிருக்கலாமே என்று உங்களுக்குச் சந்தேகம் வருகிறதா? அப்படியென்றால் பழைய சைக்கிள் வாங்கும் தகுதி உங்களுக்கு வந்துவிட்டது.

அரக்கோணத்தில் இந்தப் பேச்சுக்குக் காது கொடுக்க ஆள் உண்டு. 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடிய பாதையில் இருக்கிற ஊர் இது. லோகோ ஷெட்டு, ரயில்வே பணிமனை, ஷிப்டு மாறும் நேரத்தில் கேட்டைத் திறந்தால் கொட்டுகிற சைக்கிள்கள் என்று ஒரு தலைமுறை வாழ்ந்தது. சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஸ்டேஷன் ஸ்டாண்டில் வண்டியைப் போட்டுவிட்டு ரயில் ஏறினார்கள். அந்த ரயில் நின்று போகும் அம்பத்தூரில்தான் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் கூட்டுச் சேர்ந்து 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் இருந்தது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் என்று நம் தெருக்களில் ஓடிய பெயர்கள் அங்கிருந்து வந்தவை. ராலேக்கு மட்டும் வேறு வழி: வங்காளத்து ஆசன்சோலில் சென்-ராலே தொழிற்சாலை.

பெயர் மோகத்தில் விழுகிறவர்களுக்கு ஒரு வரலாறு சொல்ல வேண்டும். ஹம்பர் 1932இலேயே ராலேயின் கைக்குப் போய்விட்டது. ஹெர்குலிஸை 1946இல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் வாங்கியது. துப்பாக்கிக் கம்பெனியாகப் பிறந்த பி.எஸ்.ஏ. தன் சைக்கிள் பிரிவை 1957இல் ராலேக்கு விற்றது. 1960இல் ராலேயே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு சேர்ந்தது. ஆக, அறுபதுக்குப் பிறகு வந்த இங்கிலீஷ் வண்டிகளில் நெற்றிப் பட்டயம்தான் வேறு, வீடு ஒன்று. பெயருக்காக மட்டும் இரண்டு மடங்கு கொடுப்பதில் அர்த்தமில்லை. அறுபதுக்கு முந்தைய வண்டி என்றால் கதை வேறு, அங்கே ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித் திமிர் இருந்தது.

அந்தத் திமிரைப் பார்க்க வேண்டிய இடம் பெடல் பக்கத்துப் பல்சக்கரம். ராலேயில் மூன்று நாரைத் தலைகள். பி.எஸ்.ஏ.யின் அடையாளம் ஒன்றையொன்று சாய்ந்து நிற்கும் மூன்று துப்பாக்கிகள். ஹம்பரில் ஐந்து மனித உருவங்கள் கைகோத்து ஓடுகின்றன. செயின் கவர் போட்டால் பாதி மறைந்துவிடும் உருப்படிக்கு இவ்வளவு வேலையா என்று தோன்றும். ஆனால் விற்பனைக்கு வெளியே செலவழித்த அந்த உழைப்புதான் என்னைத் திரும்பத் திரும்பக் குனிந்து பார்க்க வைக்கிறது. ஹம்பரின் முன் ஃபோர்க்கில் பக்கத்துக்கு இரண்டு குழாய். பாரம் தாங்கத்தான் வைத்தார்கள், பார்க்க ஒரு கம்பீரம் தானாக வந்தது. ராலேயின் மறைகூடத் தனி. மற்ற பிரிட்டிஷ் கம்பெனிகள் பெடல் அச்சுக் கிண்ணத்தில் அங்குலத்துக்கு 24 மறை வெட்டியபோது, ராலே 26 வெட்டியது. ஹெர்குலிஸ் கிண்ணத்தை ராலே பிரேமில் சுத்தியால் அடித்து ஏற்றிய வண்டிகள் இன்னும் சந்தைக்கு வருகின்றன. பிரேம் போச்சு.

பிரேமைக் கெடுப்பதை விடப் பெரிய பாவம் ஒன்று இருக்கிறது. வண்டி கிடைத்த மறுநாளே அதைச் சுரண்டி, பட்டி பார்த்து, பளபளவென்று கறுப்பு அடித்து, ஸ்டிக்கர் ஒட்டி, ‘புதுசு மாதிரி ஆக்கிட்டோம்’ என்று நிறுத்துவது. பழைய ராலேயின் கறுப்பு சூளையில் சுட்டு ஏற்றிய எனாமல். அதன்மேல் ஓடும் மெல்லிய தங்கக் கோடுகள் தூரிகை பிடித்த கை இழுத்தவை. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கோடு வளையும் இடத்தில் கை ஒரு நொடி நின்றது தெரியும். எழுபது வருடத்தில் ஹேண்டில்பார் உரசிய இடம், கேரியரில் மூட்டை கட்டிய கயிறு தேய்த்த இடம், பாரில் உட்கார்ந்து போன பிள்ளையின் கால்சட்டைப் பொத்தான் கீறிய இடம் எல்லாம் அந்த எனாமலில் இருக்கிறது. புது பெயின்ட் இவை அத்தனையையும் அழித்துவிட்டு, பிரேம் நம்பரையும் பாதி மூடிவிடுகிறது. நம்பர் படிக்க முடியாத வண்டிக்கு வயதை உறுதியாகச் சொல்ல வழியில்லை. வயது தெரியாததற்கு சேகரிப்பவர் விலை கொடுக்க மாட்டார். துருவைப் பஞ்சால் எண்ணெய் தொட்டுத் தேய்த்து நிறுத்துங்கள், அது போதும்.

சீட்டைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நாம் தோல் தெரிந்த மண்ணில் இருக்கிறோம். பர்மிங்ஹாமில் 1866இல் குதிரைச் சேணத் தோலில் தொழில் தொடங்கிய புரூக்ஸ் கம்பெனியின் சீட்டு, அதிலும் அடியில் சுருள்வில் வைத்த பி-66, பழைய ரோட்ஸ்டர்களின் பெரிய சொத்து. அதில் பஞ்சு கிடையாது, மெத்தை கிடையாது. தடித்த ஒற்றைத் தோல், முன்மூக்கிலும் பின்பட்டையிலும் ரிவிட் அடித்துத் தூளிபோலத் தொங்குகிறது. ஓட்டுகிறவரின் இடுப்பெலும்புக்கு ஏற்ப மெல்லப் பள்ளம் விழும். அதனால் பழைய புரூக்ஸ் இன்னொருவருக்கு முதலில் வலிக்கும்.

இந்த வேலையைக் குரோம் தோல் செய்யாது. குரோமில் பதனிட்டது மெத்தென்று இருக்கும், இழுத்தால் இழுபடும், ஷூவுக்குச் சரி. மரப்பட்டையில் ஊறிய தோல்தான் விறைப்பாக நின்று, கொடுத்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் ஷாப்புகளில் ஒரு காலத்தில் நடந்ததும் அந்த வேலைதான்: ஆவாரம்பட்டையும் கடுக்காயும். ஈ.ஐ. தோல் என்ற பெயரில் அரைப்பதமாக இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. ஆனால் நம் நாட்டு மாட்டின் தோல் மெல்லிது. சீட்டுக்கு வேண்டிய தடிமன் அதில் வராது. இங்கே பதமான தோல் அங்கே ஷூவின் மேல்பாகமாயிற்று, சீட்டு அவர்கள் ஊர் மாட்டில் ஆயிற்று. பிறகு 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்த, நம் ஷாப்புகள் குரோமுக்கும் முழு ஷூவுக்கும் மாறின.

புரூக்ஸ் சீட்டைக் கொல்வது வெயிலோ மழையோ அல்ல, பாசம். நன்றாக இருக்கட்டும் என்று தேங்காய் எண்ணெயைக் குளிரக் குளிரத் தடவுவார்கள். தோல் இளகும், நடுவில் தொய்யும், இரண்டு பக்கமும் சிறகாக விரியும். அதற்குப் பிறகு மூக்கடியில் இருக்கும் நட்டை எவ்வளவு முடுக்கினாலும் பலனில்லை. ரிவிட் போனால் தப்பில்லை. செம்பு ரிவிட் அடிக்கத் தெரிந்த செருப்புத் தைக்கிறவர் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார். ரெக்சின் உறை மட்டும் போடாதீர்கள்.

விலைக்கு வருவோம். காயலான் கடைக்காரர் கண்ணுக்கு இது இருபது கிலோ இரும்பு. ஐநூறு, அறுநூறு ரூபாய்க்கு மேல் தேறாது. காபிக் கடைச் சுவரில் மாட்ட வாங்குகிறவரும் கல்யாண போட்டோ எடுக்கிறவரும் அதைவிடப் பல மடங்கு கொடுப்பார்கள், ஆனால் அவர்களுக்குப் பளபளப்பு வேண்டும். ஒரிஜினலுக்குக் கொடுக்கிறவர் மூன்றாவது ஆள். அவர் அரிது, நிதானமாக வருவார், கேள்வி நிறையக் கேட்பார். சக்கரத்தில் உரசும் டைனமோ, முன் லைட், சட்டத்தில் செருகிய பம்பு, சீட்டுக்குப் பின்னால் தொங்கும் தோல் டூல்பை, ராடு பிரேக்கின் கம்பிகள், இவையெல்லாம் கூடவே இருந்தால் அவர் முகம் மாறும். நகராட்சி சைக்கிளுக்கு வரி வாங்கிக்கொண்டு கொடுத்த தகர வில்லை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் பேரமே பேச மாட்டார். இப்படிப்பட்டவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அறிய விரும்புகிறவர் புனேயில் இருக்கும் விக்ரம் பெண்ட்சே சைக்கிள் அருங்காட்சியகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.

இளைஞர்கள் கேட்பது எம்.டி.பி.யைப் பற்றி. வெளிநாட்டில் பழைய மலைச் சைக்கிளுக்குப் பெரிய மவுசு; காரணம் இருக்கிறது. கலிபோர்னியாவின் மரின் பகுதியில் சில இளைஞர்கள் பலூன் டயர் வைத்த அந்தக் காலத்து ஷ்வின் வண்டிகளில் மலைச்சரிவு இறங்கினார்கள். 1976இல் அதைப் பந்தயமாக்கினார்கள். பெடலைப் பின்னால் மிதித்துப் பிடிக்கும் பிரேக்கில் சூடேறி கிரீஸ் புகையாகப் போகும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் பிறகு புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் பாதைக்கே ‘ரீபேக்’ என்று பெயர். ஜோ பிரீஸ் 1977-78இல் தன் கையால் செய்த முதல் வரிசை பத்தே வண்டி. 1981இல் ஜப்பானில் செய்து வந்த ஸ்பெஷலைஸ்டு ஸ்டம்ப்ஜம்பர்தான் அதைக் கடைச்சரக்காக்கியது. ஒரு ஸ்டம்ப்ஜம்பர் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நமக்கு வந்த ஹீரோ ரேஞ்சரும் அதன் உறவினர்களும் மலையின் வேஷம் போட்டவை. தடித்த டயர், நேர் ஹேண்டில், கனத்த இரும்பு, பெரும்பாலும் ஒரே கியர். திருத்தணி மலைப்பாதையில் அதை மிதித்து ஏறியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். தொண்ணூறுகளில் பத்தாவது பாஸானதற்குக் கிடைத்த வண்டி என்ற பிரியத்தில் இன்று சம்பளக்காரர்கள் தேடுகிறார்கள், விலையும் ஏறும். அது ஞாபகத்துக்குக் கொடுக்கும் விலை. கைவேலைக்கு விலை கொடுக்க நினைப்பவர் அதே காசில் ராடு பிரேக் வைத்த பழைய ஹெர்குலிஸ் தேடட்டும். அதற்குரிய 28 அங்குல டயர் இன்றைக்கும் இந்தியாவில் தயாராகிறது. வெளிநாட்டில் பழைய ரோட்ஸ்டர் வைத்திருப்பவர்களே நம் டயரைத் தேடி வாங்குகிறார்கள்.

உங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையிலோ மாடிப்படி அடியிலோ அப்படி ஒரு வண்டி சாய்ந்து கிடந்தால், விற்பதோ வைத்துக்கொள்வதோ உங்கள் விருப்பம். காற்றடியுங்கள், செயினுக்கு எண்ணெய் விடுங்கள், நம்பரைத் துடைத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெயின்டரை மட்டும் கூப்பிடாதீர்கள்.