வீலும் சில்லும்

நாமக்கல்லில் லோடு ஏற்றிய லாரி டெல்லிக்குக் கிளம்பினால் ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். ஊரைத் தொட்டுப் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்தால் பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஆக்ரா என்று அதே சாலை கொண்டுபோய் விட்டுவிடும். யாழ்ப்பாணத்தில் லோடு ஏற்றிய லொறிக்குக் கொழும்பு 400 கிலோமீட்டர்தான். மாலையில் புறப்பட்டால் விடியும்போது சரக்கை இறக்கலாம். ஆறில் ஒரு பங்கு தூரம் என்பதால், புறப்படுமுன் வண்டியைப் பார்க்கிற வேலையும் அங்கே குறைவாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். நேரில் பார்த்தபோது யாழ்ப்பாணத்துக்காரர்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

என் அப்பா லாரி ஓட்டியவர். கிளம்புகிற அன்று விடிகாலையில் அவர் முதலில் எடுப்பது டயர் லிவரைத்தான். பின்பக்கம் ஜோடி டயரில் உள்டயர் காற்றிறங்கி நின்றாலும் வெளிடயர் தாங்கிக்கொள்ளும், பார்வைக்குத் தெரியாது. லிவரால் ஓங்கித் தட்ட வேண்டும். காற்றுள்ள டயர் லிவரைத் துள்ளித் திருப்பி அனுப்பும், சத்தம் கணீரென்று வரும். இறங்கிய டயர் தொப்பென்று அடியை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும். பிறகு குனிந்து இரண்டு டயருக்கும் நடுவே கல் சிக்கியிருக்கிறதா என்று பார்ப்பார். ஆந்திர வெயிலில் சூடேறிய டயரை அந்தக் கல் ஓரத்தில் அறுத்துவிடும். அடுத்தது ஏர் டேங்க். அடிக்குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்றோடு தண்ணீர் வரும். வெறும் தண்ணீர் என்றால் கவலையில்லை. ஆயில் கலந்து வந்தால் கம்ப்ரசர் தேயத் தொடங்கிவிட்டது. இதற்குள் கிளீனர் பையன் கிரீஸ் கன்னோடு வண்டிக்கடியில் படுத்திருப்பான். "பழைய கிரீஸ் கறுப்பா பிதுங்கி வர்ற வரைக்கும் அடிடா" என்பார் அப்பா. அது பிதுங்கியதைக் கண்ணால் பார்க்காமல் வண்டியை எடுக்கமாட்டார்.

பிரேக்கை மட்டும் யாரிடமும் விடமாட்டார், அவரே படுத்து ஒவ்வொரு வீலாக அட்ஜஸ்ட் செய்வார். காரணம் தொப்பூர் கணவாய். தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சரிவில், டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குபவர்கள் உண்டு. கியரில் இருந்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் முழுப் பாரமும் பிரேக்கில் விழுந்து, டிரம் கொதித்து, லைனிங் பிடிப்பதை விட்டுவிடும். அங்கே நடந்த விபத்துகளைச் செய்தியில் படிக்கும்போதெல்லாம், கிளம்புமுன் செய்யும் அந்த அரைமணி நேர வேலை எத்தனை உயிருக்குச் சமம் என்று எனக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

யாழ்ப்பாணத்தில் வீலுக்குப் பெயர் சில்லு. மாட்டுவது அங்கே பூட்டுவது. நான் பார்த்த பெரியவர் தன் பழைய ஜப்பான் லொறியின் முன்சில்லைக் கழற்றி, பெயரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, வெயிலில் காட்டிக் கண்ணுக்கருகே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நாமக்கல்லில் இதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவோம். "சாமான் இல்லாத காலத்தில பழகின கை, தம்பி. ஒண்டையும் எறிய மனம் வராது" என்றார்.

அந்தக் காலம் 1990கள். பொருளாதாரத் தடையில் எரிபொருள் உள்ளே வராது. சில துளி பெட்ரோலை கார்பரேட்டரில் விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் கார்களை ஓட்டிய ஊர் அது. உதிரிப்பாகம் வாங்கக் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளுக்குப் போகலாமென்றால், தெற்கே போகும் ஏ9 வீதி மூடிக் கிடந்தது. 2002இல் திறந்து, 2006இல் மறுபடி மூடி, போர் முடிந்து 2009இல்தான் திரும்பத் திறந்தார்கள். பின்னர் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. கையிலிருக்கும் லொறியைத்தான் காப்பாற்றியாக வேண்டும் என்றானது. தூரம் குறைவானாலும் வண்டி பழையது, அதற்கு மாற்று கிடைக்கவில்லை. அந்தக் கைப்பழக்கம் அப்படி வந்தது.

உதவிக்கு வந்த பேரன் இடப்பக்கச் சில்லின் நட்டைக் கழற்றப்போய் முழுப் பலத்தோடு இறுக்கிக்கொண்டிருந்தான். பழைய ஜப்பான் லொறிகளில் இடப்பக்க நட்டுக்கு மரை தலைகீழ், கழற்றுவதற்கு மற்றப் பக்கம் திருப்ப வேண்டும். பெரியவர் திட்டவில்லை. பையனின் கைமேல் தன் கையை வைத்துத் திருப்பிக் காட்டினார்.

அதைப் பார்த்தபோது எங்களூர்க் கிளீனர் பையன்களின் நினைவு வந்தது. கிரீஸ் அடித்து, டயர் தட்டி, பத்து வருடத்தில் டிரைவர் ஆனவர்கள்தான் ஒருகாலத்தில் எங்கள் லாரிகளை ஓட்டினார்கள். இன்று பெரும்பாலும் டிரைவர் தனியாகவே போகிறார். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6 புகை விதிப்படி வந்த வண்டிகளில் பார்க்க வேண்டியவையும் மாறிவிட்டன. டீசலோடு, புகையைச் சுத்தப்படுத்தும் யூரியாக் கரைசலின் அளவையும் பார்க்க வேண்டும், அது தீர்ந்தால் வண்டி இழுக்காது. டாஷ்போர்டில் விளக்கு எரிந்தால் கம்பெனி சர்வீஸுக்குப் போன் செய்ய வேண்டும். இவை நல்ல வண்டிகள்தான். ஆனால் டயருக்கு நடுவே சிக்கிய கல்லுக்கு எந்த விளக்கும் எரியாது. எங்களூர் எஃப்.சி. தகுதிச் சோதனையும் யாழ்ப்பாணத்துப் புகைப் பரிசோதனையும் ஒருநாள் பார்த்துச் சொல்பவை. அடுத்த நாள் சிக்கிய கல் அவற்றுக்குத் தெரியாது. அதனால்தான் எங்கள் பக்கத்து இளம் டிரைவர்கள் அந்த லிவரைக் கையிலெடுக்க வேண்டும் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு ஊரிலும் சாமியைக் கும்பிட்டுத்தான் பயணம். நாங்கள் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு கிளம்புவோம். அவர்கள் வழியில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பார்கள். கழற்றிப் பூட்டிய வீலின் நட்டுகளை 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும் என்பது லாரித் தொழிலில் அடிப்படை. யாழ்ப்பாணத்திலிருந்து முறிகண்டி 70, 80 கிலோமீட்டர்.

அன்றிரவு நானும் அந்த லொறியில் போனேன். முறிகண்டியில் நிறுத்தி, தேங்காயை உடைத்து, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு பெரியவர் நேராக லொறியிடம் திரும்பினார். பேரன் டார்ச் பிடித்தான். அவர் ஒவ்வொரு சில்லின் நடுக்குடத்திலும் உள்ளங்கையை வைத்து, ஒன்று மற்றதைவிடச் சுடுகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார். கழற்றிப் பூட்டிய முன்சில்லில் கை கொஞ்சம் கூடுதலாக நின்றது. பிறகு நட்டு இறுக்கும் கம்பியைக் கேட்டு வாங்கினார். ஒரு நட்டு கால் சுற்று திரும்பியது.