பதினேழாவது கேள்வி

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் விடிகாலையில் நின்றால் கம்பெனி பஸ்கள் வரிசையாய்ப் போகும். ஜன்னலோரத்துத் தலைகள் கண்ணாடியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருக்கும். வேலைக்குப் போகிறவர்களா, முடித்துத் திரும்புகிறவர்களா என்று சொல்ல முடியாது. எங்கள் தெருவில் வாடகை அறையில் நாலு பேரோடு தங்கியிருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிப் பெண் ஒருத்தி, "அண்ணா, மனசே சரியில்ல, சோறு எறங்கல, எதுக்கு இருக்கோம்னு தோணுது" என்றாள். மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனேன்.

ஒரு இளம் மருத்துவர் தாளை வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டு மதிப்பெண் போட்டார். 19. மாத்திரை எழுதித் தந்தார். ஆறு வாரம் கழித்து 9. பாதிக்கு மேல் குறைந்தால் மருந்து பிடித்திருக்கிறது என்பது இத்துறையின் வழக்கம். மருத்துவருக்குச் சந்தோஷம், எனக்கும்தான். இடையில் அவளுக்கு நைட் ஷிப்ட் போய்ப் பகல் ஷிப்ட் வந்திருந்தது. தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

அந்தத் தாள் மாக்ஸ் ஹாமில்டன் 1960இல் இங்கிலாந்தில் வெளியிட்ட மனச்சோர்வு அளவுகோல். 17 இனங்கள், உச்சம் 52. தூக்கத்துக்கு மட்டும் மூன்று இனம்: படுத்ததும் தூக்கம் வரவில்லையா, நடுவில் விழிப்பா, விடியுமுன் விழிப்பா. சேர்த்து 6 மதிப்பெண். தற்கொலை எண்ணத்துக்கு 4. தூங்கவைக்கிற எதுவும், மாத்திரையோ ஷிப்ட் மாற்றமோ, இந்தக் கணக்கில் மனச்சோர்வை 'குணப்படுத்தும்'. வேலைக்கும் ஒரு இனம் உண்டு. நோயால் வேலையை விட்டவர்களுக்கு அதில் முழுசாக 4. அட்டெண்டன்ஸ் போனஸ் போய்விடும் என்று காய்ச்சலிலும் பஸ் ஏறுகிறவளுக்கு அங்கே மதிப்பெண் குறைவு. ஆகவே நோயும் குறைவு.

ஹாமில்டனை மட்டும் திட்டிப் பயனில்லை. ஏற்கெனவே மனச்சோர்வு என்று கண்டறியப்பட்டவர்களுக்கே இது, கேட்பவரின் திறமையைப் பொறுத்தே இதன் மதிப்பு என்று அவரே எழுதிவைத்தார். அவரது முதல் கட்டுரையில் புள்ளியியல் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 49 நோயாளிகளும் ஆண்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

'அறிவு - அதிகாரம்' என்று ஃபூக்கோவை இழுத்து இங்கேயே கட்டுரையை முடித்துவிடலாம். நம் பத்திரிகைகளில் அது சுலபம். ஆனால் மருந்துக் கம்பெனிகள் மாட்டிக்கொண்டதும் இதே எண்களால்தான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பில் பதிவான 74 ஆய்வுகளை எரிக் டர்னர் குழுவினர் 2008இல் தேடி எடுத்தார்கள். மருந்துக்குச் சாதகமான 38இல் 37 அச்சேறியிருந்தன. மற்ற 36இல் 22 வெளியே வரவேயில்லை. அதே ஆண்டு இர்விங் கிர்ஷ் குழுவினர், மறைந்து கிடந்தவற்றையும் சேர்த்து, மருந்துக்கும் வெற்று மாத்திரைக்கும் ஹாமில்டன் அளவில் இடைவெளி 1.8 புள்ளி என்றார்கள். 3 இருந்தால்தான் பொருட்படுத்தத் தக்கது என்பது அப்போது பிரிட்டனில் வைத்திருந்த வரையறை. 2018இல் சிப்ரியானி குழுவினர் 522 ஆய்வுகளைத் தொகுத்து, 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட மேல் என்றார்கள். மேல்தான், பெரிய அளவில் அல்ல. அளவுகோலே வேண்டாம் என்றால், 'என் அனுபவத்தில் நல்ல மருந்து' என்கிற பெரிய டாக்டரின் வாக்குதான் மிஞ்சும்.

ஆய்வுகளில் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதால் ஷிப்ட் மாறியவர்கள் இரண்டு பக்கமும் இருப்பார்கள். குழப்பம் சராசரியில் கரையும். ஒருத்தியின் தாளில் கரையாது. அவள் தேறியது மாத்திரையாலா, ஷிப்ட்டாலா, இரண்டாலுமா? மாத்திரையை நிறுத்து என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

என்னை உறுத்துவது பதினேழாவது இனம். இதை நோயாளியிடம் கேட்பதில்லை, கேட்பவரே தீர்மானிக்கிறார். தன் நோயைப் பற்றிய தெளிவு அவருக்கு இருக்கிறதா என்பது விஷயம். 1976இல் அமெரிக்கக் கைநூல் ஒன்றில் அச்சாகிப் பரவிய வடிவத்தில், நோயை ஒத்துக்கொண்டு அதற்குக் காரணம் மோசமான சாப்பாடு, தட்பவெப்பம், அதிக வேலை, ஓய்வு தேவை என்று சொன்னால் 1 மதிப்பெண். வாழ்வதில் அர்த்தமில்லை என்று சொன்னாலும், தற்கொலைக்கான இனத்தில், அதே 1.

அவள் இரண்டாம் முறை போனபோது, "எல்லாம் நைட் ஷிப்ட்டும் கேன்டீன் சோறும்தான் டாக்டர்" என்றாள். அந்த 9இல் ஒன்று இந்த வாக்கியத்துக்கு. ஒரு தொழிலாளி தன் நிலைமையைப் பற்றிச் சொல்லும் விளக்கம் இங்கே அறிகுறியாகக் கட்டமைக்கப்படுகிறது. கூட்டுத்தொகையில் சேர்ந்தபின் அது என்ன வாக்கியமாக இருந்தது என்று யாருக்கும் தெரியாது. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு விஷமாகி, ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். மோசமான சாப்பாடுதான் காரணம் என்று ஊருக்கே கேட்கச் சொன்னார்கள். தாளின்படி ஆளுக்கு ஒரு மதிப்பெண்.

அடுத்த மாதம் அவளுக்குத் திரும்பவும் நைட். மருத்துவரைப் பார்க்கிற தேதி ஷிப்ட் முடிந்து வரும் காலையில் விழுகிறது.

"இந்தத் தடவ எவ்ளோ வரும்ணா?" என்று கேட்டாள்.