தருமமன்று, கடன்

சட்டத்தைச் சட்டத்தரணிகள் மட்டுமே படிக்க வேண்டும் என்ற நியதி இல்லை. இலக்கியத்தைப் போலவே சட்டமும் தன்னை ஆக்கிய சமுதாயத்தின் மனத்தைக் காட்டுவது. அது யாருக்காகப் பேசுகிறது, யாரை வாய்மூட வைக்கிறது என்று வினவுதல் விமர்சகனின் கடமையாகும். தடுப்பூசியால் ஊறுபட்ட குழந்தைகளுக்கு நட்டஈடு வழங்குவதற்காக ஐக்கிய அமெரிக்கா 1986 இல் இயற்றிய சட்டத்தை இந்நோக்கில் ஆராய்வோம்.

இப்பிரச்சினையின் வேரை 1955 இலேயே காணலாம். அவ்வாண்டு ஏப்ரல் மாதம், சால்க்கின் இளம்பிள்ளைவாதத் தடுப்பூசி வெற்றி பெற்றதென அறிவிக்கப்பட்டது. சில நாட்களுக்குள்ளேயே, கட்டர் என்னும் கலிபோர்ணியக் கம்பனி தயாரித்த மருந்தில் உயிருள்ள கிருமிகள் எஞ்சியிருந்தமை தெரியவந்தது. ஊசி பெற்ற குழந்தைகளும் அவர்களிடமிருந்து நோய் தொற்றியவர்களுமாக ஏறத்தாழ 200 பேர் முடமாயினர்; 10 பேர் மாண்டனர்.

1958 இல் இதுபற்றிய வழக்கொன்றைக் கேட்ட யூரிமார், கம்பனி கவனக்குறைவாக நடந்ததாகக் கருதவில்லை. எனினும், நோயைத் தடுப்பதற்கென விற்ற மருந்தே நோயைத் தந்தமையால் அது நட்டஈடு கொடுத்தேயாக வேண்டும் என்றனர். மனுநீதிச் சோழன் கதையை நம் மாணவர் அறிவர். கன்று தானே தேர்க்காலில் வந்து விழுந்தது என்று அமைச்சர் கூறிய சமாதானத்தை அரசன் ஏற்கவில்லை. பசுவின் இழப்பையே எண்ணினான். குற்றவாளி இல்லை என்பதால் இழப்பும் இல்லை என்றாகிவிடாது. யூரிமார் கண்ட உண்மையும் இதுவே.

1980 களில் வழக்குகள் பெருகின. கம்பனிகள் சில உற்பத்தியைக் கைவிட்டன. மருந்துத் தட்டுப்பாடு பற்றிய அச்சம் எழுந்தது. அதன் விளைவே 1986 ஆம் ஆண்டுச் சட்டம். தடுப்பூசிமீது விதிக்கும் வரியால், அதாவது ஒரு நோய்க்கான ஒரு வேளை மருந்துக்கு 75 சதம் என்ற கணக்கில், ஒரு நிதி திரட்டப்படுகிறது. பெற்றோர் எவருடைய தவறையும் நிரூபிக்க வேண்டியதில்லை. அட்டவணையில் குறித்த ஊறு குறித்த காலத்துள் தோன்றினால், வேறு காரணம் காட்டப்படாதவிடத்து ஊசியே காரணம் எனக் கொள்ளப்படும். நேர்மையாகத் தொடுத்த கோரிக்கை தோற்றாலுங்கூட, சட்டத்தரணியின் கட்டணத்தை நிதி வழங்கலாம். இவை போற்றத்தக்க ஏற்பாடுகள்.

ஆயின் இச்சட்டத்தின் மறுபக்கம் யாது? இங்கே பிரதிவாதி கம்பனியன்று, சுகாதார அமைச்சரே. அட்டவணையைத் திருத்தும் அதிகாரமும் அவரிடமே உள்ளது. வழக்கில் ஒரு கட்சியாக நிற்பவரே அளவுகோலையும் செதுக்குகிறார். 1992 இல் ஊசி பெற்றபின் வலிப்புக் கண்ட ஒரு பெண்குழந்தையின் பெற்றோர் 1995 இல் மனுச்செய்தனர். ஒரு மாதத்துக்கு முன்னரே அவ்வலிப்பு நோய் அட்டவணையிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. புதிய ஆய்வுகளுக்கேற்ப அட்டவணை மாறுவது நியாயமே. ஆனால் அதனை மாற்றும் கை வழக்கில் சம்பந்தப்படாத கையாக இருத்தல் வேண்டாமா? அவர்களது மனு நிராகரிக்கப்பட்டது. பின்னர் கம்பனிமீது தொடுத்த வழக்கும் 2011 இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. மருந்தின் அமைப்பிலேயே குறை இருந்ததெனக் கூறிக் கம்பனியிடம் நட்டஈடு கோர இச்சட்டம் இடந்தராது என நீதியரசர்கள் அறுவர் தீர்த்தனர், இருவர் மறுத்தனர்.

மருத்துவச் செலவை நிதி தாராளமாகவே ஏற்கிறது. ஆனால் மரணத்துக்கென 1986 இல் எழுதிய 250,000 டொலர் என்ற தொகையோ, விலைவாசி ஏறியும் பல பத்தாண்டுகளாக அசையாது நின்றது. இலாபம் கம்பனியிடம் தங்க, பொறுப்பு மட்டும் பொதுவுடைமையாயிற்று!

ஊறுபட்ட குழந்தைகளைக் காட்டித் தடுப்பூசியையே தூற்றுவோர் உளர். அவர்கள் செய்வது நோய்க்குத் தொண்டு. இளம்பிள்ளைவாதமும் கக்குவானும் கொண்டுபோன குழந்தைகள் எத்தனை! அவற்றுள் ஏழைக் குழந்தைகள் எத்தனை! தடுப்பூசி பொதுநன்மை என்பதாலேயே இக்கடனும் பிறக்கிறது. ஊரைக் காக்கக் கட்டிய அணையால் ஒருவன் வயல் மூழ்குமாயின், ஊரார் அவனுக்குக் கொடுப்பது பிச்சையாகாது. அணையால் இலாபம் பெற்ற குத்தகைக்காரனும் அதில் தன் பங்கைச் செலுத்தவேண்டும். அக்கணக்கை அமெரிக்கச் சட்டம் பாதியே எழுதியிருக்கிறது.