வெளியே அனுப்பப்பட்ட யோசேப்பு

கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தைக் களமாகக் கொண்ட திரைப்படங்கள் பெரும்பாலும் இரு வகையில் அடங்கிவிடுகின்றன. சில, அங்குள்ள குருவானவரைப் பீடத்தில் ஏற்றி மெழுகுதிரி கொளுத்துகின்றன. வேறு சில, அவரைப் பிரம்பும் கையுமாக நிறுத்தி ஏளனம் செய்கின்றன. பிரெஞ்சு இயக்குநர் லூயி மால் 1987ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஓ ருவுவார் லேஸான்ஃபான்’ இவ்விரு வகையிலும் சேராத படம். அதே ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் ‘தங்கச் சிங்கம்’ விருதைப் பெற்ற இதைப் பற்றி எழுதியோர் பலரும், ஒரு யூதச் சிறுவனுக்கும் ஒரு கத்தோலிக்கச் சிறுவனுக்கும் இடையே மலர்ந்து கருகிய நட்பையே பேசினர். அது முறையே. ஆயினும் நம் உள்ளம் சென்று தங்கிய இடம் வேறு. பள்ளியின் சமையற்கட்டில் வேலை செய்துவந்த ஓர் இளைஞனை, பள்ளி அதிபராகிய குரு வேலையினின்று நீக்குகிறார். சில நிமிடங்களில் முடிந்துவிடும் காட்சி. படத்தின் அச்சாணி அங்கேதான் இருக்கிறது என்பது நம் துணிபு.

தலைப்பைத் தமிழில் ‘போய் வருகிறேன், பிள்ளைகளே’ எனலாம். மீண்டும் காணும் வரை என்பதே அப்பிரெஞ்சுச் சொல்லின் பொருள். ‘போகிறேன்’ என்று வாசற்படியில் நின்று சொல்லத் துணியாத நம்மவர்க்கு அதன் நயத்தை விளக்க வேண்டியதில்லை.

கதை நிகழும் காலம் 1944 சனவரி. இடம், செருமானியர் பிடியிலிருந்த பிரான்சில் கார்மேல் சபைக் குருக்கள் நடத்திய ஆண்கள் உறைவிடப் பள்ளி. இது வெறுங்கற்பனை அன்று. ஃபோந்தேன்புளோ நகருக்கு அருகிலுள்ள ஆவோன் என்னும் ஊரில் குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் பெயரால் அப்படியொரு பள்ளி இருந்தது. 1934இல் அதைத் தொடங்கி அதிபராக இருந்தவர் இயேசுவின் ழாக் என்னும் துறவறப் பெயர் பூண்ட தந்தை. இயற்பெயர் லூசியன் புனேல். 1900இல் நார்மண்டிப் பகுதியில் பிறந்தவர். மூன்று யூதச் சிறுவரை வேறு பெயர்களில் தம் மாணவராகச் சேர்த்து மறைத்து வைத்தார். 1944 சனவரி 15ஆம் நாள் செருமானிய இரகசியக் காவலர் பள்ளிக்குள் நுழைந்து, அம்மூவரையும் அதிபரையும் பிடித்துச் சென்றனர். அப்போது அப்பள்ளியில் பயின்ற பதினொரு வயது மாணவன் லூயி மால். அந்தக் காலைப்பொழுதைத் திரையில் சொல்ல அவருக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டது.

அப்பள்ளியின் வரலாற்றில் ஆசிரியர் நியமனம் ஒன்று உண்டு. 1940 அக்டோபரில் விஷி அரசு இயற்றிய சட்டம் யூதர்களை அரசுப் பணிகளினின்றும் ஆசிரியப் பணியினின்றும் விலக்கியது. பாரிசு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சார்ந்த லூசியன் வெய்ல் என்னும் தாவரவியல் அறிஞர் அவ்வாறு விலக்கப்பட்டவர்களுள் ஒருவர். தந்தை ழாக் அவரைத் தம் பள்ளியில் இயற்கை அறிவியல் கற்பிக்க அமர்த்தினார். அரசு கழித்துத் தள்ளிய ஆசிரியரைத் தேடிப் பணி வழங்குவது அன்றைய நிலையில் உயிரைப் பணயம் வைக்கும் செயல். ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் பணியாளர் பதிவேடு விசுவாச அறிக்கையாகவும் விளங்கக்கூடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று நமக்குத் தெரியவில்லை. அதே நாளில் வெய்லும் கைதானார். அவரும் சிறுவர் மூவரும் ஆசுவிட்சு முகாமில் மாண்டனர்.

மால் இந்த ஆசிரியரைத் தம் படத்தில் சேர்க்கவில்லை. வேறொருவரை முன்னிறுத்துகிறார். அவன்தான் யோசேப்பு.

படத்தில் அதிபரின் பெயர் தந்தை ழான். கண்டிப்பானவர், சொற்செட்டு மிக்கவர், உள்ளூர அன்பு நிறைந்தவர். தான் குருவாகப் போவதாகச் சொல்லும் ழூலியன் என்னும் சிறுவனிடம், ‘உனக்கு அந்த அழைத்தல் இருப்பதாகத் தெரியவில்லை, அதுவும் அப்படியொன்றும் நல்ல பிழைப்பு அன்று’ என்னும் பொருள்படப் பேசுகிறார். (அவ்விடத்தில் நாம் வாய்விட்டுச் சிரித்தோம் என்பதை மறைப்பானேன்?) பொன்னே என்ற பொய்ப்பெயரில் ஒளிந்திருக்கும் யூதச் சிறுவன் நற்கருணை வாங்கும் வரிசையில் வந்து மண்டியிடும்போது, ஒரு கணம் திகைத்து, அவனைக் கடந்து அடுத்தவனிடம் செல்கிறார். அடைக்கலம் தேடி வந்தவனின் இக்கட்டைப் பயன்படுத்தி அவனைத் தம் சமயத்துக்குள் இழுக்கும் எண்ணம் அவரிடம் இல்லை. மறைபரப்பு பற்றிய பக்கம் பக்கமான விளக்கங்களைக் காட்டிலும் அந்த ஒரு கணத் தயக்கம் தெளிவாகப் பேசுகிறது.

பெற்றோர் வருகை தரும் ஞாயிறன்று அவர் ஆற்றும் மறையுரை புகழ்பெற்ற காட்சி. பட்டாடையும் மென்மயிர் மேலாடையும் அணிந்து அமர்ந்திருக்கும் செல்வர்களின் முகத்துக்கு நேரே, ஊசிக் காதையும் ஒட்டகத்தையும் நினைவூட்டி, அவர்களது தன்னலத்தைக் கண்டிக்கிறார். ஒரு தந்தை சினந்து எழுந்து வெளியேறுகிறார். நன்கொடையாளரை எதிரில் வைத்துக்கொண்டு இப்படிப் பேசுவது எளிதா என்பதைப் பங்கு நடத்துவோர் அறிவர்.

இந்த மறையுரையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் யோசேப்பின் காட்சிக்கு வர வேண்டும். அவன் கால் ஊனமுற்றவன், பதின்ம வயது இளைஞன், சமையற்கட்டு எடுபிடி. மாணவர்கள் அவன் நடையைக் கேலி செய்கின்றனர். அதே மாணவர்கள் வீட்டிலிருந்து வரும் ஜாமையும் பிற தின்பண்டங்களையும் அவனிடம் கொடுத்துத் தபால்தலைகளும் சிகரெட்டும் வாங்கிக்கொள்கின்றனர். அவன் அப்பண்டங்களைக் கறுப்புச் சந்தையில் விற்கிறான். பள்ளிக் களஞ்சியப் பொருளைத் திருடிச் சமையற்காரம்மாளிடம் அகப்பட்டபோது இந்த வாணிகம் முழுதும் வெளிப்படுகிறது. அந்த அம்மாள் தன்னைவிட அதிகம் திருடுகிறாள் என்று யோசேப்பு சொல்கிறான். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

தந்தை ழான் மாணவர்களை வரிசையாக நிறுத்திக் கடிந்துகொள்கிறார். சுதந்திரத்தை நல்வழியில் பயன்படுத்தக் கற்பிப்பதே கல்வி என்று நம்பியதற்கு இதுவா பயன் என வேதனைப்படுகிறார். குற்றத்தில் பங்குள்ள ழூலியனையும் அவன் அண்ணனையும் அக்கணமே பள்ளியை விட்டு நீக்கியிருப்பார். அவர்களின் பெற்றோர்க்கு நேரும் தொல்லையை எண்ணி விட்டுவிடுகிறார். அவர்களுக்குத் தண்டனை, உயிர்ப்புத் திருவிழா வரை வெளியே செல்லும் அனுமதி இல்லை என்பதே. யோசேப்புக்கோ வேலை போயிற்று. தாம் செய்வது அநீதி என்பதையும் அவரே தம் வாயால் சொல்கிறார். கணக்கரிடம் சென்று கூலியைப் பெற்றுக்கொள்ளுமாறு பணிக்கிறார். எங்கே போவேன், இரவு தங்க இடம் இல்லையே என்று அந்த இளைஞன் அழுகிறான்.

நாம் இக்காட்சியை மும்முறை கண்டோம். ஒவ்வொரு முறையும் தந்தை ழானின் முகத்தையே கவனித்தோம். அதில் கொடுமை இல்லை. களைப்பும் வருத்தமும் இருந்தன. அவர் தலைமேல் மூன்று குழந்தைகளின் உயிர் தொங்குகிறது. பள்ளிக்குள் கறுப்புச் சந்தை நடக்கிறது என்று வெளியே தெரிந்தால் சோதனைக்கு ஆள் வரலாம். நிர்வாகி என்ற நிலையில் அவர் முடிவுக்குக் காரணம் உண்டு. ஆயினும் தாமே அநீதி என்று பெயரிட்ட ஒன்றைத் தாமே நிறைவேற்றுகிறார். இயக்குநர் அதைத் தப்பவிடவில்லை.

குருமடத்தில் நாம் பயின்ற அறநெறி இறையியலில் இதற்குத் தனிப் பெயர் உண்டு. புனித அக்குவினாசு தோமா பகிர்வு நீதிக்கு எதிரான பாவமாக ஒன்றைக் குறிப்பிடுகிறார். ஆளின் தகுதியைப் பாராமல் ஆளைப் பார்த்து வழங்குவது அது. நம் முன்னோர் அதை முகத்தாட்சணியம் என்றனர். பொன் மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இருக்கையும் கந்தை உடுத்தியவனுக்குக் கால்மனைப் பக்கமும் காட்டும் சபையை யாக்கோபின் திருமுகம் கடிந்துகொள்வதை வாசகர் அறிவர். தந்தை ழான் யோசேப்பின் கூலியைப் பிடித்துக்கொள்ளவில்லை. கணக்கு நேராகத்தான் தீர்க்கப்பட்டது. பிறழ்ச்சி தண்டனையின் பங்கீட்டில் இருந்தது. ஒரே குற்றத்தில் கூட்டாளிகளாக இருந்தோருள், வீடு உள்ளவன் விடுமுறையை இழந்தான். வீடற்றவன் இருந்த கூரையை இழந்தான். மறையுரை மேடையில் செல்வருக்கு அஞ்சாத நா, அலுவலக அறையில் செல்வப் பெற்றோரின் தொல்லையைக் கணக்கில் எடுத்துக்கொண்டது.

மற்றொன்றும் கூற வேண்டும். பொன்னேயின் துயரத்துக்கு ஒரு பெயர் இருந்தது; அது தந்தை ழானுக்குத் தெரிந்திருந்தது. பொய்ப்பெயரில் ஒளிந்து பணியாற்றும் விடுதிக் கண்காணிப்பாளர் மொரோவின் இக்கட்டும் அவருக்குத் தெரியும். யோசேப்பின் வறுமை அன்றாடமானது. உலைக்குப் பக்கத்திலேயே நின்றதனால் அது கண்ணில் படவில்லை. அவனுக்குச் செபம் சொல்லிக்கொடுத்தவர் யார், பாவசங்கீர்த்தனம் கேட்டவர் யார் என்பதற்குப் படத்தில் குறிப்பே இல்லை. பள்ளி என்றால் மாணவரும் குருக்களும் என்றே எல்லாரும் எண்ணியிருக்கின்றனர்.

இது 1944இன் பிரான்சோடு முடிந்துபோன செய்தி அன்று. 1891இலேயே திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் உழைப்பாளரின் உரிமை பற்றிச் சுற்றுமடல் எழுதிவிட்டார். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1286ஆம் சட்டம், திருச்சபைச் சொத்துகளை நிர்வகிப்போர் தொழிலாளர் தொடர்பான நாட்டுச் சட்டங்களைச் செவ்வனே கடைப்பிடிக்க வேண்டும் என்றும், உழைப்போருக்கும் அவரைச் சார்ந்தோருக்கும் போதிய நேர்மையான ஊதியம் தர வேண்டும் என்றும் விதிக்கிறது. நம் நாட்டில் சிறுபான்மையினர் தம் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையை அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவு காக்கிறது. அந்த உரிமையைப் பற்றி நாம் மேடைதோறும் பேசுகிறோம். 1286ஆம் சட்டத்தைப் பற்றிப் பேசிய மேடை நம் நினைவில் இல்லை.

வேலை இழந்த யோசேப்பு பகைவரிடம் சென்று பள்ளியைக் காட்டிக்கொடுக்கிறான். காவலர் வரும் நாளில் முற்றத்தில் சிகரெட்டுடன் நிற்கும் அவன், திகைத்துப்போன ழூலியனைப் பார்த்து, பக்திமானைப்போல் நடிக்காதே, உங்களோடு வாணிகம் செய்திராவிட்டால் என்னை விரட்டியிருக்க மாட்டார்கள் என்கிறான். ழூலியன் மறுமொழி இன்றிப் பின்வாங்குகிறான். யோசேப்பின் செயலை இந்தச் சொற்கள் நியாயப்படுத்திவிடா. தன்னை நீக்கிய குருவின்மேல் கொண்ட சினத்துக்கு, தனக்கு ஒரு தீங்கும் செய்யாத மூன்று பிள்ளைகளை விலையாகக் கொடுத்தான். அநீதிக்கு ஆளானவன் என்பதனால் அவன் கை கழுவப்பட்டுவிடுவதில்லை.

இங்கேதான் இயக்குநரோடு நமக்கு ஒரு வழக்கு இருக்கிறது. படத்தின் யோசேப்பு திரைக்கதைக்காக வார்க்கப்பட்ட பாத்திரம். மாலின் குடும்பம் சர்க்கரைத் தொழிலில் செழித்த பெருஞ்செல்வக் குடும்பம். செல்வர் பிள்ளைகள் நிறைந்த பள்ளியில், காட்டிக்கொடுத்தவன் என்ற பழி தேடிச்சென்று அடைந்த இடம் ஊனமுற்ற ஏழைப் பணியாளனின் தலை. யூதாசின் வேடத்துக்கு இல்லாதவனையே அழைப்பது கதைசொல்லிகளின் பழைய வழக்கம். மால் 1974இல் எடுத்த ‘லக்கோம் லூசியன்’ படத்திலும் இதே அமைப்பு உண்டு. எதிர்ப்பு இயக்கத்தில் சேர விரும்பித் திருப்பியனுப்பப்படும் நாட்டுப்புற இளைஞன் ஒருவன், செருமானியரின் கையாளாகிறான். கதவடைக்கப்பட்டவன் எங்கே போவான் என்ற கேள்வி மாலை விடாமல் தொடர்ந்தது என்பது மெய். ஆனால் கதவடைக்கப்பட்டவரெல்லாம் அங்கே போவதில்லை. கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு, யாரையும் காட்டிக்கொடுக்காமல், வேறோர் அடுப்பங்கரையைத் தேடிப்போனவர் எத்தனையோ பேர். அவர்களைப் பற்றி யாரும் படம் எடுப்பதில்லை.

இவ்வழக்கில் மாலின் பக்கம் நின்று சொல்லவும் உண்டு. பழி முழுவதையும் அவர் யோசேப்பின் மேல் இறக்கிவிடவில்லை. வகுப்பில் காவலன் யூதச் சிறுவனைத் தேடும்போது, நண்பன் ழூலியனே அறியாமல் ஒரு பார்வையால் பொன்னேயைக் காட்டிவிடுகிறான். நோயாளர் அறையில் ஒளிந்திருந்த மற்றொருவனை ஓர் அருட்சகோதரி அச்சத்தால் அடையாளம் காட்டுகிறார். செல்வனும் துறவியும் பணியாளனும் ஆளுக்கொரு வகையில் அதில் பங்கு பெறுகின்றனர். இந்த நேர்மை இல்லாதிருந்தால் இப்படத்தைப் பற்றி நாம் எழுத முன்வந்திருக்க மாட்டோம்.

உண்மையான தந்தை ழாக் மவுத்தவுசன், குசன் முகாம்களில் உடன் கைதிகளுக்கு ஊழியம் செய்து, விடுதலை கிடைத்துச் சில வாரங்களில், 1945 சூன் 2ஆம் நாள் லின்சு நகரில் உயிர் துறந்தார். அவரை 1985இல் இசுரயேலின் யாத் வாசேம் நிறுவனம் உலக மக்களுள் நீதிமான் என்று போற்றியது. திரையின் தந்தை ழானோடு இவரை ஒன்றாக்கிக் குறை காண்பது முறையாகாது. யோசேப்பின் கணக்கு திரையின் குருவைச் சார்ந்தது.

படம் பிரெஞ்சு மொழியில் அமைந்தது. ஆங்கிலத் துணைவாசகங்களுடன் கிடைக்கிறது. ஓடும் நேரம் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி. பங்கு இளையோர் குழுக்களுக்கும் பள்ளித் தாளாளர்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும் போட்டுக்காட்டலாம். சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம். யோசேப்பை நீக்கும் காட்சி முடிந்ததும் நிறுத்தி, சற்றுநேரம் கலந்துரையாடிவிட்டு எஞ்சியதைக் காண்பது நல்லது. அப்போது விடுதிச் சமையலரையும் அழைத்து உட்கார வைக்க வேண்டும். தேநீர் கொண்டுவரும் வேலையை அன்று ஒரு நாள் வேறு யாராவது பார்த்துக்கொள்ளலாம்.