அமெரிக்கப் பகல்நேர நெடுந்தொடர்களின் மீட்டுருவாக்கம்: ஒரு திறனாய்வு நோக்கு

கதையை மதிப்பிடும் திறனாய்வு, தொடக்கம், வளர்ச்சி, உச்சம், முடிவு என்னும் கூறுகளை அளவுகோலாகக் கொள்வது வழக்கம். முடிவை எண்ணாமலேயே எழுதப்படும் கதையை எந்த அளவுகோலால் அளப்பது என்பது குறித்து நாம் மிகுதியாகச் சிந்தித்ததில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியின் பகல்நேர நெடுந்தொடர்கள் இவ்வகையைச் சார்ந்தவை. தலைமுறை தலைமுறையாக ஓடிய இத்தொடர்களுள் சில அண்மைக் காலத்தில் நிறுத்தப்பட்டன. நிறுத்தப்பட்டவற்றை மீண்டும் உயிர்ப்பிக்கும் முயற்சிகளும் நிகழ்ந்தன. அம்முயற்சிகளுள் பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட ஒன்று 2013இல் நான்கு மாதங்களே நிலைத்தது. அதன் தோல்விக்குப் பணமுடை, வழக்கு, தொழிற்சங்கப் பேச்சுவார்த்தைகளின் இழுபறி ஆகியவை காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. அவை மெய்யானவையே. எனினும், அவற்றிற்கு அடியில் வடிவம் சார்ந்த காரணம் ஒன்றும் உண்டு என நாம் கருதுகிறோம். இத்தொடர்கள் நிறுத்தப்பட்டபோது இழக்கப்பட்டது ஒரு கதை மட்டுமன்று; நாள்தோறும் பலர் ஒருசேர அமர்ந்திருந்த ஒரு பொழுதும் இழக்கப்பட்டது. கதைமாந்தரை மீட்டவர்கள் அப்பொழுதை மீட்கவில்லை.

இவ்வடிவத்தின் பெயர் வரலாறு பலரும் அறிந்ததே. 1930களில் அமெரிக்க வானொலியின் பகல்நேரக் கதைகளுக்குச் சவர்க்கார நிறுவனங்கள் பொருளுதவி செய்தமையால் அவை 'சோப் ஓபரா' என எள்ளலாக அழைக்கப்பட்டன. புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் வெறும் விளம்பரதாரராக நில்லாமல் பல தொடர்களைத் தானே தயாரித்தது. 'கைடிங் லைட்' 1937 ஜனவரி 25ஆம் நாள் வானொலியில் தொடங்கி, 1952இல் தொலைக்காட்சிக்கு வந்து, 2009 செப்டம்பர் 18ஆம் நாள் நிறைவெய்தியது. எழுபத்திரண்டு ஆண்டுகள்! நாம் 'நெடுந்தொடர்' எனும்போது மனத்தில் எழும் தமிழ்த் தொடர்கள் நீண்டவையாயினும் ஒரு முடிவை நோக்கியே நடப்பவை. 'சித்தி' (1999–2001) தன் கதையை முடித்துக்கொண்டது. 2020இல் வந்த 'சித்தி 2' அதே நடிகையுடன் வேறொரு கதையாகவே தொடங்கியது. அமெரிக்கப் பகல்நேரத் தொடரில் இவ்வாறு முடித்தலுக்கோ மறுபடி தொடங்குதலுக்கோ இடமில்லை. அங்கு முடிவு என்பது கதையாசிரியரிடமிருந்து வருவதன்று, நிறுவனத்திடமிருந்து வருவது.

பழகிய பார்வையாளரும் பழகிய பொழுதும்

இத்தொடர்களைக் கல்விப்புல ஆய்வுக்குரிய பொருளாக ஆக்கியவர்களுள் இருவர் ஈண்டு நமக்குத் துணையாவர். தானியா மாட்லெஸ்கி 1982இல் வெளியான தம் நூலில், இடையிடையே அறுபட்டும் மீண்டும் தொடர்ந்தும் செல்லும் இக்கதைமுறை, இல்லத்தில் பணிசெய்யும் பெண்ணின் வேலையொழுங்கோடு ஒத்திசைவதை எடுத்துக்காட்டினார். குழந்தை அழுதால் எழுந்து செல்லலாம். அடுப்பைப் பார்த்துவிட்டு வரலாம். திரும்பி வரும்போது கதை காத்திருக்கும். ராபர்ட் ஆலன் 1985இல், புதியவர் ஒருவருக்குச் சலிப்பூட்டும் மறுகூறலே பழகியவருக்குச் சுவையாவதை விளக்கினார். ஒரு செய்தி ஐந்து பேரிடம் ஐந்து முறை சொல்லப்படுகிறது. நிகழ்ச்சி என்ற அளவில் அங்குப் புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இடையே உள்ள பழைய உறவையும் பழைய பகையையும் அறிந்தவருக்கு ஒவ்வொரு கூற்றும் தனிக் காட்சியாகும்.

அகப்பாடல்களைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இது எளிதில் விளங்கும். அறத்தொடு நிற்றலில் தலைவியின் காதல் தோழிக்கும், தோழிவழிச் செவிலிக்கும், செவிலிவழி நற்றாய்க்கும், அதன்பின் தந்தைக்கும் தமையர்க்கும் செல்கிறது. செய்தி ஒன்றே. யார் யாரிடம் கூறினர் என்பதில்தான் சுவை நிற்கிறது. இவ்வொப்புமையை மிகைப்படுத்த நாம் விரும்பவில்லை. அகப்பாடல் சில அடிகளில் முடிந்துவிடும், பகல்நேரத் தொடர் அதே வேலைக்கு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும்.

பழக்கம் என்பது இங்குச் சோம்பலின் மறுபெயர் அன்று. 1962இல் 'கைடிங் லைட்' தொடரின் எழுத்தாளர் ஆக்னஸ் நிக்சன், பெர்ட் பவர் என்னும் கதைமாந்தருக்குக் கருப்பைப் புற்றுநோய் இருப்பது தொடக்கநிலைப் பரிசோதனையில் தெரியவருவதாக எழுதினார். நோயின் பெயரையோ உறுப்பின் பெயரையோ உரையாடலில் சொல்ல ஒளிபரப்பு நிறுவனமும் தயாரிப்பு நிறுவனமும் இடமளிக்கவில்லை. அவற்றைச் சொல்லாமலேயே அவர் அக்கதையை நடத்திக் காட்டினார். அக்கதைமாந்தராகச் சாரிட்டா பவர் 1950 முதல் நடித்துவந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் வீட்டுக்குள் வந்துபோன ஒரு பெண்மணி மருத்துவரிடம் செல்வதற்கும், அன்று அறிமுகமான ஒருத்தி செல்வதற்கும் உள்ள வேறுபாடே இவ்வடிவத்தின் வலிமை. அதே நிக்சன் 1968இல் 'ஒன் லைஃப் டு லிவ்' தொடரையும், 1970இல் 'ஆல் மை சில்ரன்' தொடரையும் படைத்தார். பின்னதன் எரிகா கேன் 1973இல் கருக்கலைப்புச் செய்துகொண்டது அமெரிக்கத் தொலைக்காட்சியில் பேசப்பட்ட நிகழ்வாயிற்று. அவ்வேடத்தில் நடித்த சூசன் லூச்சி, தொடர் ஏபிசியில் ஓடிய நாற்பத்தோராண்டுகளும் அப்பாத்திரமாகவே வாழ்ந்தார் எனலாம்.

2013ஆம் ஆண்டு முயற்சி

ஏபிசி நிறுவனம் 2011 ஏப்ரல் 14ஆம் நாள் இவ்விரு தொடர்களையும் நிறுத்துவதாக அறிவித்தது. அவற்றின் இடத்தில் வந்தவை செலவு குறைந்த உரையாடல் நிகழ்ச்சிகள்: ஒன்று சமையல் பற்றியது, மற்றொன்று உடல்நலமும் வாழ்க்கைமுறையும் பற்றியது. பின்னது அரையாண்டளவே ஓடியது. எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் பார்வையாளர்கள் மட்டுமல்லர்; தூசு உறிஞ்சும் கருவி தயாரிக்கும் ஹூவர் நிறுவனம் தன் விளம்பரங்களை ஏபிசியிலிருந்து விலக்கிக்கொண்டது. வீட்டுப் பணிக்கும் இத்தொடர்களுக்கும் இடையிலான பழைய உறவுக்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

அவ்வாண்டு ஜூலையில் புரோஸ்பெக்ட் பார்க் என்னும் நிறுவனம் இரு தொடர்களின் உரிமத்தையும் பெற்றது. நவம்பரில் முயற்சி கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டு, 2013 தொடக்கத்தில் மீண்டும் எடுக்கப்பட்டது. கனெடிகட் மாநிலத்தின் ஸ்டாம்ஃபோர்டு நகரில் படப்பிடிப்பு நடந்தது. ஏப்ரல் 29ஆம் நாள் ஹுலு, ஐடியூன்ஸ் வழியாக இரு தொடர்களும் இணையத்தில் மீண்டும் தோன்றின. 1971 முதல் விக்கி வேடத்தில் நடித்துவந்த எரிகா ஸ்லேசாக் திரும்பி வந்தார். சூசன் லூச்சி வரவில்லை.

மீட்டுருவாக்கத்தின் சிக்கல்களுள் விந்தையானது உரிமை பற்றியது. இடைக்காலத்தில், 2012இல், 'ஒன் லைஃப் டு லிவ்' தொடரின் மூன்று கதைமாந்தர் ஏபிசியின் மற்றொரு தொடரான 'ஜெனரல் ஹாஸ்பிட்டல்' கதைக்குள் குடியேறியிருந்தனர். அங்கு அவர்களுள் ஸ்டார் என்பவளின் காதலனும் சிறு மகளும் ஒரு கார் விபத்தில் கொல்லப்பட்டனர். உரிமத்தைப் பெற்ற நிறுவனம், தன் கதையின் உறுப்பினர்களைப் பிறர் கொன்றுவிட்டதாக 2013 ஏப்ரலில் தொடுத்த வழக்கில் முறையிட்டது. கதைக்குள் நேர்ந்த சாவு, சொத்துச் சேதமாக வழக்குமன்றம் ஏறிற்று. அதற்கு ஏபிசி கண்ட வழியும் குறிப்பிடத்தக்கது: அதே மூன்று நடிகர்களும் 'ஜெனரல் ஹாஸ்பிட்டல்' தொடருக்குப் புதிய பெயர்களோடு வேறு மனிதர்களாகத் திரும்பினர். முகம் ஓரிடத்திலும் பெயர் வேறோரிடத்திலும் நின்றன. நாற்பது ஆண்டுகளாக முகத்தையும் பெயரையும் பிரித்தறியாமல் பழகிய பார்வையாளரிடம் இதைவிடப் பெரிய ஒன்றைக் கேட்டிருக்க இயலாது.

ஆயினும், நம் பார்வையில் இதனினும் முதன்மையானது வேறு. 1977, 1978 ஆண்டுகளிலிருந்து ஒரு மணிநேரமாக வளர்ந்திருந்த இத்தொடர்கள் இணையத்தில் அரைமணிநேரமாயின. திங்கள் முதல் வியாழன்வரை ஒவ்வொரு நாளும் ஓர் அங்கம் என்பதே தொடக்கத் திட்டம். மூன்றே வாரங்களில் அது வாரத்துக்கு இரண்டாகக் குறைக்கப்பட்டது. பார்வையாளர்கள் நாள்தோறும் பார்க்கவில்லை. சேர்த்துவைத்து ஒரேயடியாகப் பார்க்கிறார்கள். அவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை என்பது நிறுவனம் கூறிய விளக்கம்.

இவ்விளக்கம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஏபிசி ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணிநேரம் தந்தபோது ஈடுகொடுத்த மக்கள், அதில் பாதிக்கும் குறைவானதற்கு ஈடுகொடுக்க முடியாமற் போனது எங்ஙனம்? குறிப்பிட்ட மணி அடிக்கும்போது வரும் ஒன்றைப் பார்க்க முடிவெடுக்க வேண்டியதில்லை. அது வந்துவிடுகிறது, நாம் அங்கே இருக்கிறோம். எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும் ஒன்றைப் பார்க்க ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டியுள்ளது. பார்க்காமல் விட்ட அங்கம் பழைய முறையில் போய்விட்டது. அடுத்த நாள் மறுகூறலே அந்த இடைவெளியை அடைத்தது. புதிய முறையில் அது போகாமல் கடனாகக் குவிகிறது. குவிந்த நான்கு அங்கங்களை ஒரே இரவில் பார்ப்பவருக்கு, ஆலன் போற்றிய மறுகூறல் உண்மையிலேயே சலிப்பாகிவிடுகிறது. தவணைக்கென எழுதப்பட்ட நாவலை நூல்வடிவில் படிப்போர் அடையும் களைப்பு இதனோடு ஒப்பிடத்தக்கது.

கதையளவிலும் இச்சிக்கல் புலப்பட்டது. 2011 செப்டம்பர் 23ஆம் நாள் ஏபிசியில் 'ஆல் மை சில்ரன்' முடிந்தபோது ஜே.ஆர். சாண்ட்லர் துப்பாக்கியால் சுட, திரை இருண்டது. யார் மேல் குண்டு பாய்ந்தது? பார்வையாளர் காத்திருந்தது ஏறத்தாழ பத்தொன்பது மாதங்கள். இணையத்தில் கதை தொடங்கியபோதோ ஐந்தாண்டுகள் கடந்துவிட்டிருந்தன, மரிசா இறந்து புதைக்கப்பட்டிருந்தாள், ஜே.ஆர். நினைவற்ற நிலையில் கிடந்தான். தயாரிப்பாளர் நோக்கில் இஃது அறிவார்ந்த உத்தி. இளைய கதைமாந்தர் கிடைப்பர், வராத நடிகர்களுக்கு விளக்கம் கிடைக்கும். ஆனால் இவ்வடிவத்தில் துயரம் என்பது நிகழ்ச்சியில் இல்லை, நிகழ்ச்சிக்குப் பின் வரும் நாள்களில் இருக்கிறது. மரிசாவுக்காக ஊரார் அழுத நாள்களைப் பார்வையாளர் காணவில்லை. தொடக்க அங்கங்களில் இடம்பெற்ற வசைச்சொற்கள் பலரை முகம் சுளிக்க வைத்தன. அது எளிதில் திருத்தத்தக்க பிழை. ஐந்தாண்டுப் பாய்ச்சல் அத்தகையதன்று.

ஆகஸ்டு 19ஆம் நாள் ஒன்றும் செப்டம்பர் 2ஆம் நாள் மற்றொன்றும் நின்றன. 2014 மார்ச்சில் புரோஸ்பெக்ட் பார்க் திவாலானதாக மனுச்செய்தது. 2016 டிசம்பரில் உரிமைகள் ஏபிசிக்கே திரும்பின. அதற்குச் சில மாதங்கள் முன்னர், செப்டம்பரில், ஆக்னஸ் நிக்சன் மறைந்தார்.

பிற சான்றுகள்

நம் கருத்துக்கு மாறானவை போலத் தோன்றும் சான்றுகளையும் நோக்கவேண்டும். ஆஸ்திரேலியாவின் 'நெய்பர்ஸ்' 1985இல் ஒரு நிறுவனத்தால் நிறுத்தப்பட்டு, 1986 ஜனவரியில் மற்றொரு நிறுவனத்தால் தொடரப்பட்டு, 2022வரை ஓடியது. அங்கு இடைவெளி மிகச் சிறியது. அன்றாட ஒளிபரப்பு என்னும் முறையும் மாறவில்லை. அதே தொடர் 2022 ஜூலையில் விடைபெற்று, 2023 செப்டம்பரில் அமேசானின் ஃப்ரீவீ வழியாகத் திரும்பியபோது வாரத்துக்கு நான்கு அங்கங்களாகச் சுருங்கி, 2025இல் முடிவுற்றது. பிரிட்டனின் 'கிராஸ்ரோட்ஸ்' 1988இல் நின்று, பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் 2001இல் மீண்டு, 2003இல் மறைந்தது. மீண்ட கதை முழுவதும் பேரங்காடி ஊழியர் ஒருவர் கண்ட பகற்கனவு என்று அதன் கடைசிக் காட்சி கூறியது. அதைத் தயாரித்தவர்களே அதன்மேல் நம்பிக்கை இழந்ததன் அறிகுறியாக அன்றி வேறெதுவாகவும் நாம் அதைக் கொள்ள இயலவில்லை. 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' 2022 செப்டம்பர் 12ஆம் நாள் என்பிசியிலிருந்து பீக்காக் இணையச் சேவைக்கு மாறியும் தளரவில்லை. அதுவோ ஒரு வாரம்கூட இடைவெளி விடாமல், வாரநாள் தோறும் ஓர் அங்கம் என்னும் ஒழுங்கையும் கைவிடாமல் சென்றது. இணையம் இவ்வடிவத்துக்குப் பகை என்று நாம் சொல்லவில்லை என்பதற்கு அது சான்று.

இறுதியாகச் சிபிஎஸ் நிறுவனத்தின் பிற்பகல் இரண்டு மணி. கிழக்கு நேரப்படி அப்பொழுதில் ஓடிக்கொண்டிருந்த 'ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்' 1956இல் தொடங்கி 2010 செப்டம்பர் 17ஆம் நாள் நிறுத்தப்பட்டது. அதன் இடத்தை அடுத்த மாதம் 'தி டாக்' என்னும் உரையாடல் நிகழ்ச்சி பெற்றது. அந்நிகழ்ச்சி 2024 இறுதியில் நின்றபோது, பழைய தொடரை மீட்க ஒருவரும் முற்படவில்லை. 2025 பிப்ரவரி 24ஆம் நாள் அதே இரண்டு மணிக்குக் கறுப்பினக் குடும்பம் ஒன்றை நடுவாகக் கொண்ட 'பியாண்ட் தி கேட்ஸ்' என்னும் புதிய பகல்நேரத் தொடர் தொடங்கியது. அதன் தயாரிப்பில் பங்கேற்ற நிறுவனங்களுள் புராக்டர் அண்ட் கேம்பிளும் ஒன்று.